லோவா அழக் கூடாது

"தங்கச்சி, அழக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது குழந்தையையா, எங்களையா?"

காக்கிநாடாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நூகராஜு அண்ணன் என்னிடம் கேட்டார். டாக்டரின் ஆங்கிலத்தைத் தெலுங்கில் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரியான என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள். அண்ணனின் கூடப்பிறந்த தங்கை போலம்மாவின் மடியில் எட்டு மாதக் குழந்தை லோவா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"குழந்தையைத்தான் அண்ணே. பிறக்கும்போதே இதயத்துல ஓட்டை. அழுதா உடம்பு நீலமாகி மூச்சு முட்டும். எடை கூடினாத்தான் ஆபரேஷனாம்."

"அவளுக்குத் தெரிஞ்ச வேலையே அழறது ஒண்ணுதானே!"

"உலகம் முழுக்க நூறு குழந்தைல ஒண்ணுக்கு இதயத்துல இப்படி ஏதாவது கோளாறு இருக்குமாம்."

"நூத்துல ஒண்ணா? அப்ப நம்ம உப்பாடாலயே எத்தனை பேர் இருக்கணும்! ஒருத்தரையும் காணோமே?"

கண்டுபிடிக்கும் முன்பே பல குழந்தைகள் போய்விடுகின்றன என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை மட்டும் நான் தெலுங்கில் சொல்லவில்லை.

நூகராஜு மீன் ஏலம் விடுபவர். அவர் குரலுக்குக் காகங்கள் படகை விட்டு எழும்பும். ஏலக் கொட்டகையின் பின்சுவரை ஒட்டித்தான் போலம்மாவின் வீடு. மறுநாளிலிருந்து அவர் வியாபாரிகளைக் கிட்டே கூப்பிட்டுக் காதோரம் ஏலம் விட்டார்.

"என்னய்யா, திருட்டு மீனா?"

"மெதுவாப் பேசுய்யா. மருமக தூங்குறா."

எடை கூடி, ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் போலம்மாவின் நாத்தனார் அப்பாயம்மா வந்து நின்றாள். மூளிக் காதோடு பிள்ளையைக் கத்திக்கடியில் படுக்கவைப்பதா? தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியே ஆகவேண்டும். நாத்தனார் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சில்லை. ஆசாரியும் வந்துவிட்டார்.

குழந்தையை மடியில் வாங்கிய நூகராஜு தன் காதை நீட்டினார்.

"இதுல குத்துய்யா."

"மாமனுக்குக் குத்தினா பொண்ணுக்குக் குத்தினதாகுமா?" என்றாள் அப்பாயம்மா.

"மடி என்னுது, மருமக என்னுது. காது மட்டும் வேத்தாளுதா?"

அப்பாயம்மா யோசிப்பதற்குள் ஆசாரி குத்திவிட்டார். கத்தினால் குழந்தை மிரளுமே! அண்ணன் துண்டைக் கடித்தபடி கண்ணை உருட்டினார். முகம் கோணிய கோணலைப் பார்த்து லோவா கைகொட்டிச் சிரித்தாள். "சரி, இன்னொண்ணையும் குத்திடு. ஒத்தைக் காது அபசகுனம்" என்றாள் அப்பாயம்மா.

இரண்டு சின்னத் தோடுகளோடு அவர் ஏலத்துக்குப் போனார். "நூகராஜு, கல்யாணம் எப்போ? மாப்பிள்ளை என்ன செய்றார்?" என்று கடற்கரையே கேட்டது. சத்தமாகத் திட்டவும் அவருக்கு வழியில்லை.

விசாகப்பட்டினத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் ஆறியபின் பார்த்த டாக்டர், இனி எவ்வளவு வேண்டுமானாலும் அழட்டும் என்றார். ஆனால் லோவா முகம் சுளிக்கும் முன்பே கேட்டதைக் கையில் கொடுத்துப் பழகிய தெரு அது. அவள் அழவேயில்லை. அண்ணனும் கிசுகிசுப்பை விடவில்லை. டாக்டர் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் லோவா வாசலில் உட்கார்ந்து பாகில் ஊறிய காஜா இனிப்பைத் தின்றுகொண்டிருந்தாள். அண்ணன் என்னைச் சுவரோரம் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒரு உதவி. போய் அவ கையில இருக்கிற காஜாவைப் பிடுங்கிடு. நான் பிடுங்கினா ஆயுசுக்கும் மறக்க மாட்டா. வாய் விட்டு அழட்டும். உதடு சிவப்பாவே இருக்கான்னு நான் இங்கிருந்து பாத்துக்கறேன்."