சவரிமுத்து டிக் எடுத்த பாட்டு

சவரிமுத்து இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் நம் பாடகர் குழுவின் ஞானம்மா. நான் உத்தமபாளையம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். "சார், சவரியண்ணன் காலையில தவறிட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவுக எந்திரிக்கல. பாட்டு ஏத்தக் குடுத்த பிளேயரெல்லாம் அங்கனதான் கெடக்கு" என்றார். எதற்கு முதலில் பதில் சொல்வது என்று குழம்பி, "தவக்காலப் பாட்டெல்லாம் ஏத்திட்டாரா?" என்று கேட்டுத் தொலைத்தேன். ஞானம்மா போனை வைத்துவிட்டார். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றுதான் வெளியூர்க்காரர்கள் அவரை அறிவார்கள். நமக்கு அவர் கோயில் கீபோர்டுக்காரர், அதைவிட முக்கியமாக சனிக்கிழமை மனிதர். குழுவில் பாதிப் பேர் விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறவர்கள். வேலை நேரத்தில் அங்கே கைபேசியை எடுக்க விடமாட்டார்கள். எடுத்தாலும் டவர் கிடைக்காது. அதனால் ஆளுக்கொரு சின்ன மியூசிக் பிளேயர் வாங்க வைத்தார். ஒத்திகையில் பதிவு செய்த பாட்டுகளைத் தன் கம்ப்யூட்டரில் அடுக்கி, சனிக்கிழமைதோறும் பிளேயர்களை ஒவ்வொன்றாகச் செருகி சிங்க் செய்து, ஞாயிறு பூசைக்கு வரும்போது திருப்பிக் கொடுப்பார். காய் எடுத்துக்கொண்டே நம் ஆட்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

இந்த சிங்க் விவகாரம் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பாட்டின் பெயருக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் பாட்டு பிளேயருக்குப் போகும். டிக்கை எடுத்துவிட்டால், ஏற்கனவே போன பாட்டும் அடுத்த சனிக்கிழமை பிளேயரிலிருந்து அழிந்துவிடும். போன வாரம் கொடுத்ததை இந்த வாரம் எப்படிப் பிடுங்கலாம் என்று அவரோடு சண்டை பிடித்தேன். "வாத்தியாரே, அது குடுக்கிற சாமான் இல்ல. கம்ப்யூட்டர்ல எதுக்கு டிக் இருக்கோ அதையே கையிலயும் இருக்க வைக்கும்" என்றார். பெரிதாகத் தலையாட்டினேன்.

அப்படித்தான் என் பாட்டும் காணாமல் போனது. போன தவக்காலத்தில் நான் தனியாகப் பாடிய ஒரே பாட்டு அது. ஜீப் முழுக்க என் குரலைக் கேட்கிறது என்று உள்ளுக்குள் பூரித்துக்கிடந்தேன். இரண்டாவது வாரமே ஞானம்மா, "சார், உங்க பாட்ட மட்டும் காணோமே" என்றார். சவரிமுத்துவிடம் போய்க் கேட்டேன். "அது கெடக்கட்டும் வாத்தியாரே, வேற ஒண்ணு எடுப்போம்" என்று கீபோர்டு பக்கம் திரும்பிக்கொண்டார். சகிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். வேறு ஒன்று எடுக்க நான் போகவில்லை. அதன்பின் ஒரு வருடம் அவரிடம் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கு ரோஷம் அதிகம், உங்களுக்கும் தெரியும்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவர் மனைவி பிலோமினா என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, சனிக்கெழமையானா ஆளுக வந்து நிக்கிறாக. எனக்கு இதத் தொடக்கூடத் தெரியாது. நீங்க பாத்துக் குடுங்க" என்றார். கம்ப்யூட்டரைத் திறந்தேன். என் பாட்டு அழியவில்லை. டிக் மட்டும் எடுக்கப்பட்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் எந்தப் பாட்டு எத்தனை முறை கேட்கப்பட்டது என்று பக்கத்தில் ஓர் எண் இருந்தது. மற்றவற்றுக்கு நாலு, ஐந்து. என் பாட்டுக்கு இருநூற்றுப் பதினொன்று.

பிலோமினாவிடம் கேட்டேன். "அந்தப் பாட்டா? ஹெட்போன மாட்டிக்கிட்டு அதத்தான கேட்டுக்கிட்டே இருப்பாக. கேட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிருவாக" என்றார். ஊருக்குக் கேட்கக் கூடாத பாட்டைத் தான் மட்டும் இருநூறு தடவை கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன? அவ்வளவு மோசமாகவா பாடினேன்?

அதே ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். முதல் சரணத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் சரணத்தில் என் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் மெல்ல முனகியது. ஒலிபெருக்கியில் வைத்தால் அது கேட்காது. அன்று பதிவுக்காகக் கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசித்தவர் சவரிமுத்து. "எனக்கு வெரலுதான் பாடும், தொண்டை பாடாது" என்று சொல்லி எந்தப் பாட்டிலும் வாய் திறக்காதவர், தன்னை மறந்து கூடவே முனகியிருக்கிறார். அதுவும் சுருதி விலகி.

தன் குரல் என் பாட்டைக் கெடுத்துவிட்டது என்று வெட்கப்பட்டா டிக்கை எடுத்தார்? அதை ஒரு வார்த்தை சொன்னால் என்ன? திருத்த வழியுண்டா என்று அத்தனை முறை கேட்டாரா, இல்லை, பிடித்துப்போய்க் கேட்டாரா? எத்தனை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. ஒரு வருடத்தை நான் வீணாக்கினேன் என்பது மட்டும் விளங்குகிறது. கஷ்டமாக இருக்கிறது.

பிலோமினா ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். என் குரல் அவருக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. "இது அவுகதான்" என்றார்.

குழுவில் எல்லாருடைய குரலையும் பதிவு செய்த மனிதர் தன் குரலில் விட்டுப்போனது இது ஒன்றுதான். சவரிமுத்துவிடமிருந்து நான் வைத்துக்கொள்வதும் இதைத்தான். தனியாக வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. நேற்று டிக் போட்டு, உங்கள் எல்லாருடைய பிளேயர்களையும் செருகினேன். ஜீப்பில் போகும்போது ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். என் குரலை விட்டுவிட்டு, அடியில் கேளுங்கள்.