ஓடும் லாரியில் ஒரு நிற்கும் வண்டி

போன வாரம் என் அக்கா கணவர் ஏகாம்பரம் மாமா ஒரு லாரி மேல் நின்றார். சரியாகச் சொன்னால், லாரி மேல் ஒரு வண்டி... அந்த வண்டி மேல் மாமா. பக்கத்தில் நான்.

மாமா திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். நாள் முழுக்க யார்டைச் சுற்றி வருவதுதான் வேலை. தன் தம்பியின் விசைப்படகில் ஏறப்போய், வழுக்கி விழுந்து, வலது முட்டி போயிற்று. அதிலிருந்து நடை பேஜாரு. இது அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். யார்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். மகள் இன்னும் கல்லூரி முடிக்கவில்லை.

இப்படியே சமாளித்துக்கொண்டிருந்தபோதுதான் யார்டுக்கு அந்த வண்டி வந்தது. டிவியில் பார்த்திருப்பீர்கள் — இடமும் வலமும் ஒவ்வொரு சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. முன்னால் சாய்ந்தால் முன்னால் போகும். பின்னால் சாய்ந்தால் நிற்கும். இன்னும் சாய்ந்தால் ரிவர்ஸ். ஆள் விழாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். ரவுண்ட்ஸுக்குச் சரிப்பட்டு வருமா என்று பார்க்க, டிரயலுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள்.

மாமா அதைப் பிடித்துக்கொண்டார். கன்டெய்னர் சந்துகளில் மாசித் தேரில் வரும் சாமி மாதிரி அசையாமல் வந்தார். முட்டியை யார் பார்க்கப்போகிறார்கள்?

போன வாரம் மேனேஜர் மேடம் வண்டியைப் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. அவர் இருந்தது ரோட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டாவது யார்டில். நடுவில் ரோடு முழுக்க மழைத் தண்ணீர். வண்டியைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. அந்தப் பக்கம் போக ஒரு டிரெய்லர் லாரி தயாராக நின்றது. பக்கத் தடுப்பு எதுவும் இல்லாத, நீளமான மொட்டைத் தளம்.

"மேல ஏத்திடு நைனா, அந்தாண்ட எறக்கி வுட்டுடறேன்" என்றார் டிரைவர் பாபு.

சாய்வாகப் பலகை போட்டு மாமா வண்டியோடு ஏறினார். அக்கா கொடுத்தனுப்பிய சாப்பாட்டுக் கேரியரோடு போயிருந்த நானும் ஏறினேன்.

"ஆஃப் பண்ணிட்டு உட்காருங்க மாமா."

"உக்காந்தா, எந்திரிக்க சொல்லோ முட்டி காட்டிக் குடுத்துடும் மச்சான். மேடம் வாசல்ல நின்னுகினு கீறாங்க. நான் நின்னுகினே போயி நின்னுகினே எறங்கிடறேன். இது தானா நிக்கும்டா."

தானாகத்தான் நின்றது — லாரி கிளம்பும்வரை.

லாரி நகர்ந்தது. மாமாவின் கால் லாரியோடு முன்னால் போயிற்று, உடம்பு பின்தங்கியது. ஆள் பின்னால் சாய்கிறார், விழப்போகிறார் என்று வண்டி முடிவு செய்தது. அவரை நிமிர்த்த அதற்குத் தெரிந்த ஒரே வழி பின்னால் உருள்வது. உருண்டது. ரோட்டில் நின்று பார்த்தவர்களுக்கு மாமா இருந்த இடத்திலேயே இருப்பதாகத்தான் தெரிந்திருக்கும். லாரிதான் அவர் காலடியிலிருந்து உருவிக்கொண்டு போனது.

"மச்சான்," என்றார் மாமா நிதானமாக. "நான் போறேன்."

கேரியரைப் போட்டுவிட்டு அவர் பெல்ட்டைப் பிடித்தேன். பெரிய உடம்பு. இரண்டு பேருமாகப் போனோம். தளம் முடிய ஓர் ஆள் நீளம்தான் பாக்கி. கீழே தண்ணீர், பின்னால் இன்னொரு லாரி வந்துகொண்டிருந்தது.

கண்ணாடியில் பார்த்த பாபு பிரேக் அடித்தார். நல்ல மனசு. ஆனால் பிரேக் அடித்தால் என்ன ஆகும்? மாமா முன்னால் சாய்ந்தார். வேகமாகப் போகச் சொல்கிறார் என்று வண்டி புரிந்துகொண்டது. என்னையும் இழுத்துக்கொண்டு நேராகப் போய், கேபினில் இடித்து, கவிழ்ந்தது. மாமா கேபினின் முதுகைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். லாரி நின்ற இடம்... மேடத்துக்கு நேர் எதிரே.

மாமாவால் இறங்க முடியவில்லை. பாபுவும் நானும் தோள் கொடுத்து இறக்கினோம்.

"முட்டியில என்ன?" என்று கேட்டார் மேடம்.

"வழுக்கிடிச்சி மேடம்."

"இன்னைக்கா?"

மாமா என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார்.

"நாலு வருசம் ஆவுது."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு."

"அனுப்பியிருப்போம்" என்றார் மேடம்.

மேடம் கவிழ்ந்து கிடந்த வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது இன்னும் ஒரு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதைத் திருப்பி அனுப்பிடறேன். ரவுண்ட்ஸுக்கு நடக்கிற ஆள் போகட்டும். டிரைவர் மூஞ்சியைப் பார்த்தே இவன் நம்ம லோடு எடுக்க வந்த ஆளா, இல்லையான்னு சொல்ல கேட் ரூம்ல எனக்கு உங்களை மாதிரி பழைய ஆள் ஒருத்தர் வேணும். நாளையிலேர்ந்து அங்க உட்காருங்க."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

"இத்த அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று அன்று சாயங்காலம் அக்கா கேட்டாள்.

"அப்ப லாரி கெடைக்கல" என்றார் மாமா.

எனக்கு அந்த வண்டி மேல் கோபம் இல்லை. ஆள் சாயாமல் பார்ப்பதுதான் அதன் பொறுப்பு. அவர் நிற்கும் தரை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது அதற்குச் சம்பந்தமில்லாத விஷயம். நம்மில் எத்தனை பேர் இப்படி விறைப்பாக நின்றபடியே பின்னால் போய்க்கொண்டிருக்கிறோம்?

நேற்று கேட் ரூமுக்குப் போயிருந்தேன். மாமாவுக்குப் புது நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அதன் ஐந்து சக்கரங்களையும் கழற்றி மேஜை மேல் வைத்திருந்தார்.