தண்ணீருக்குள் எதைப் பார்க்கின்றன

இல்மா ரௌத்தியோவைப் பற்றி ஏரியில் எங்கள் குடாவில் யாரைக் கேட்டாலும் முதலில் பிடிவாதக்காரி என்பார்கள். பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள் என்பதெல்லாம் அப்புறம்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அவள் சொல்லிவிட்டால், நாலாவது காலை எடுத்துக் கையில் கொடுத்தாலும் "இது வேற முயல்" என்பாள். நான் பக்கத்து வீட்டுக்காரி. ஒரே பள்ளி, ஒரே தேவாலயம், ஒரே ஏரி என்று கூடவே வளர்ந்தவள். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அவள் புருஷன் ரெய்னோ அவளை விட்டுப் போனான். போனவன் கண்காணாத ஊருக்குப் போயிருக்கக் கூடாதா? குடாவின் எதிர்க்கரையில் ஒரு வீட்டைப் பிடித்து, ஷார்லீன் என்ற நகரத்துக்காரியோடு குடியேறினான். இல்மாவின் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டு விளக்கு தெரியும். அன்றைக்கே அவள் கனமான துணியில் ஒரு திரை தைத்து மாட்டினாள். எனக்கும் ஷார்லீனைப் பிடிக்காது. இன்னதென்று காரணம் கிடையாது. சிநேகிதி சண்டை போட்டால் நாமும் கொஞ்சம் முறைத்து வைப்பதுதானே சிநேகிதம்.

இதில் உண்மையாகவே கெட்டுப்போனது மரத்துறை விஷயம். எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டுக்கும் கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் மரத்துறை உண்டு. குளிர்காலத்துக்கு முன் அதைக் கழற்றிக் கரையேற்றாவிட்டால், ஏரி உறையும்போது ஐஸ் அதை நெருக்கிச் சுக்குநூறாக்கிவிடும். ஒருத்தரால் ஆகிற காரியமில்லை. இலை பழுத்ததும் ஒரு சனிக்கிழமை குடாக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கோடியிலிருந்து வீடு வீடாகப் போய் இழுப்போம். கடைசி வீட்டில் சவுனாவைச் சூடேற்றி வைத்திருப்பார்கள். நனைந்தவர்கள் அந்த மரக்குடிசைக்குள் போய்ச் சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி பிடித்தால்தான் உடம்பு உடம்பாகும். அந்தக் கடைசி வீடு இல்மாவுடையது.

ரெய்னோ விட்டுப்போன அந்த வருஷமே அவள் எல்லாரிடமும் முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டாள்: "அவன் கைபட்டு என் துறை கரையேற வேண்டாம்." அதிலிருந்து ஊர்வலம் என் வீட்டோடு நின்றது. அவள் ஒற்றை ஆளாகக் கயிறு கட்டி, நெம்பி, ஏசி, அழுது, எப்படியோ இழுத்துப் போட்டாள். போன வருஷம் ஒரு திருகாணி எவ்வளவு திருகியும் கழலாமல், தோள்பட்டையில் ஏதோ அறுந்துவிட்டது. இந்த வருஷம் அந்தக் கையால் காபிக் கெண்டியைத் தூக்கவே முகம் சுளித்தாள்.

"துறை இழுக்க எங்களோட வந்து நில்லுடி" என்றேன்.

"ஐஸ் எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

"துறை போச்சுன்னா எங்க உக்காந்து உன் பறவையைப் பாப்ப?"

அந்தப் பறவைக் கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

லூன் பறவை இல்லாமல் எங்களுக்குக் கோடை கிடையாது. வாத்தைவிடப் பெரிய உடம்பு, கறுப்பு முதுகில் வெள்ளைக் கட்டம், சிவந்த கண், குத்தூசி போல அலகு. இருட்டியதும் அது ஊளையிட்டால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். ஒவ்வொரு குடாவிலும் ஒரு ஜோடிதான் கூடு கட்டும். அந்தந்தக் கரைக்காரர்கள் அதை 'எங்க லூன்' என்பார்கள். வருஷா வருஷம் அதே ஜோடி, சாகிற வரைக்கும் ஒரே துணை என்று விருந்தாளிகளிடம் பீற்றிக்கொள்வார்கள். ஏதோ தாங்களே தாலி எடுத்துக் கொடுத்த மாதிரி.

எங்கள் குடாவின் பெட்டைக்குப் பறவை ஆராய்கிறவர்கள் வந்து காலில் சிவப்பு வளையம் போட்டிருந்தார்கள். இல்மா அதற்குச் சிவப்புக்காலி என்று பேர் வைத்தாள். ரெய்னோ போன பிறகு அவள் மனிதர்களிடம் பேசியதைவிட அதனிடம் பேசியதுதான் அதிகம்.

இந்த ஜூன் மாதம், வளையமில்லாத ஒருத்தி எங்கிருந்தோ வந்து இறங்கினாள். நானும் இல்மாவும் துறையில் நின்று பார்த்தோம். இரண்டும் சிறகால் அறைந்துகொண்டன. ஒன்றின் தலையை ஒன்று கவ்வித் தண்ணீருக்குள் அமுக்கியது. கடைசியில் சிவப்புக்காலி நாணல் பக்கமாக ஒதுங்கி, மறுநாள் காணாமலே போய்விட்டது. ஆண் என்ன செய்தது? பக்கத்தில் மிதந்துகொண்டு வேடிக்கை பார்த்தது. அன்று சாயங்காலமே ஜெயித்தவளோடு மீன் பிடிக்கப் போய்விட்டது.

இல்மா துறையின் நுனிக்குப் போய்க் கத்தினாள். "வெக்கங்கெட்டவனே! இத்தனை வருஷம் உனக்கு முட்டை வெச்சுக் குடுத்தவடா அவ! ஒரு நாள்கூடப் பொறுக்கலையா உனக்கு?"

தண்ணீரில் குரல் வெகுதூரம் போகும். எதிர்க்கரையில் ரெய்னோ ஜன்னலைச் சாத்தியது எங்களுக்குக் கேட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். திரும்பி அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

வளையம் போடுகிற பையனுக்கு நான் போன் செய்தேன். அவன் வந்து, இல்மா கொடுத்த ஏலக்காய்ப் பின்னல் ரொட்டியைத் தின்றுகொண்டே நிதானமாகச் சொன்னான். "அதுங்க ஜோடியைக் கட்டிக்கிறதில்லம்மா. ஏரியைத்தான் கட்டிக்குதுங்க. யாரு ஜெயிச்சாலும் ஏரி கிடைச்சவங்களுக்கு ஜோடியும் கிடைக்கும்."

அவன் போன பிறகு இல்மா ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எனக்கு வீடாவது மிஞ்சிச்சு. அவளுக்கு ரெண்டும் போச்சு பாரு" என்றாள்.

ஆகஸ்ட் பிறந்தது. குஞ்சுகள் வளர்ந்து, எல்லைக் காவல் தளரும் காலம். அப்போதுதான் ஒரு காலை இல்மா என் கதவைத் தட்டினாள். "வந்து பாருடி. கூட்டம் போட்டிருக்காங்க."

அவள் துறைக்கு எதிரே, நடுக்குடாவில், பல ஏரிகளிலிருந்தும் பறந்து வந்த லூன்கள் வட்டமாக மிதந்துகொண்டிருந்தன. ஜூனில் ஒன்றையொன்று குத்திக் கொல்லத் துணிகிற ஜாதி, சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு வந்தது போல அத்தனை மரியாதையாகச் சுற்றி வந்தது. அப்புறம் ஒன்று முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு எதையோ உற்றுப் பார்த்தது. உடனே அடுத்ததும் குனிந்தது, அதற்கடுத்ததும். நிமிர்ந்தன, சுற்றின, மறுபடி குனிந்தன.

"மீனா?" என்றேன்.

"மீன்னா முழுகிப் பிடிக்காதா? இது சும்மா பாக்குது. எதைடி பாக்குது?"

அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. கூட்டத்துக்கு யார் ஆள் அனுப்புவது, வட்டத்துக்குள் வர யாரிடம் கேட்பது, முதலில் கிளம்புவது யார் என்று தினமும் ஒரு புதுக் கேள்வி. விடிந்ததும் காபியும் தூரக்கண்ணாடியுமாகத் துறை நுனியில் உட்கார்ந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போதும் இதே பேச்சுத்தான். அது ஐக்கியம் என்றார் பாதிரியார். குளிருக்கு முன் தெற்கே பறந்து போகிற பயணத்துக்கு ஒத்திகை என்றார் என் வீட்டுக்காரர் வெர்னர். வேறென்ன, வம்பளக்கத்தான் என்றேன் நான். வளையக்காரப் பையனைக் கேட்டால், ஒருவேளை அறிமுகப்படுத்திக்கொள்ளலாம், ஒருவேளை பலம் பார்க்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றான். அத்தனை படித்தவனும் தெரியவில்லை என்று சொன்னது இல்மாவுக்கு ரொம்பத் திருப்தி.

ஒரு காலை அவள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். வட்டத்தில் ஒரு பறவை ஒருக்களித்துக் கோதிக்கொள்ளக் காலைத் தூக்கியது. சிவப்பு வளையம்.

"வந்துட்டா! இருக்காடி, சாகல!" இல்மாவின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அடுத்த நிமிஷமே அவள் குரல் மாறியது. "ஐயோ, எதிரே பாரு. அந்த வளையமில்லாதவ."

இரண்டும் எதிரெதிரே வந்தன. வளையமில்லாதவள் தண்ணீரின்மேல் எழுந்து சிறகை ஒரு தரம் அடித்துக் காட்டினாள். இன்றைக்கு ரத்தம்தான் என்று நினைத்தேன். இல்மாவுக்கு அதைப் பார்க்க ஆசையாகவே இருந்தது, மறைப்பானேன். சிவப்புக்காலி ஓடவுமில்லை, பாயவுமில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் விட்டாள். வளையமில்லாதவளும் சிறகை மடக்கிக்கொண்டு குனிந்தாள். பிறகு இரண்டும் வட்டத்தோடு சுற்றின.

"அவ்வளவுதானா?" என்றாள் இல்மா. ஏமாந்த குரல். "அப்படி என்னதான் தெரியுது உள்ள?"

"நீ போயி அந்த எதிர்க்கரைக்காரி எதிர்ல குனிஞ்சு பாரு, தெரியும்" என்றேன்.

"பறவையை வெச்சு எனக்குப் பாடம் எடுக்காதே" என்றவள், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் முடிவில் துறை இழுக்கும் சனிக்கிழமை வந்தது. கூட்டம் இன்னும் கலையவில்லை. ஆனால் கறுப்பும் வெள்ளையும் உதிர்ந்து, பறவைகளின் முகமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. காலையிலேயே இல்மாவின் சவுனாப் புகைபோக்கியில் புகை தெரிந்தது. தோள்வலிக்கு ஒத்தடம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஊர்வலம் என் வீட்டுக்கு வந்தது. ரெய்னோவும் வெர்னரும் தண்ணீர் புகாத ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். இந்த வருஷம் ஆள் குறைவு. வழக்கமாகத் தின்பண்டத் தட்டோடு கரையிலேயே நிற்கும் ஷார்லீனும் ஒன்றும் பேசாமல் இறங்கி, பலகையின் ஒரு மூலையைப் பிடித்தாள்.

அப்போதுதான் தன் பழைய ரப்பர் கால்சட்டையோடு இல்மா வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தண்ணீரில் இறங்கி, நல்ல கையால் பலகையின் இன்னொரு மூலையைப் பிடித்தாள். அது ஷார்லீனுக்கு எதிர் மூலை. வெர்னர்தான் தொண்டையைச் செருமி, "ம், தூக்கு" என்றார். தூக்கினோம்.

என் துறை கரையேறியது. அடுத்த வீடு எது என்று யாரும் கேட்கவில்லை. வரிசை தன்பாட்டுக்கு நடந்து இல்மாவின் துறைக்குப் போய் நின்றது.

எல்லாம் கழன்றது, அந்தப் பாழாய்ப்போன ஒரு திருகாணியைத் தவிர. தண்ணீருக்கடியில், துறையைத் தாங்கும் மூன்றாவது காலில் இருந்தது. இல்மா திருகினாள், அசையவில்லை. ரெய்னோ பக்கத்தில் வந்து, தயங்கி, "அதைத் திருகக் கூடாது" என்றான். "கீழேர்ந்து தட்டணும். மரை போயி வருஷக்கணக்காச்சு."

இல்மா திரும்பினாள். பல வருஷங்களுக்குப் பிறகு அவனிடம் நேராகப் பேசினாள். "தோள்பட்டையே போச்சுடா எனக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேக்கலையே."

"கேட்டாத்தான் சொல்லுவியா?"

"ஜன்னல்லதான் திரை போட்டுட்டியே."

இல்மா அவனை அறையப் போகிறாள் என்றே நினைத்தேன். "எங்க தட்டணும், காட்டித் தொலை" என்றாள் அவள்.

ரெய்னோ குனிந்தான். இல்மா குனிந்தாள். கட்டை நழுவாமல் எதிரே நின்று பிடித்துக்கொண்டிருந்த ஷார்லீனும் குனிந்தாள். மூன்று மூக்கும் தண்ணீரைத் தொட்டன. மூன்று பேரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள், மறுபடி ஒன்றாகக் குனிந்தார்கள். எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. கரையில் உட்கார்ந்தே விட்டேன்.

"என்னடி இளிப்பு?" என்றாள் இல்மா. மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

நான் நடுக்குடாவைக் கை காட்டினேன். அவள் பறவைகளைப் பார்த்தாள், ரெய்னோவைப் பார்த்தாள், ஷார்லீனைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. ஆனால் சிரிக்கவில்லை. மறுபடி மெதுவாகக் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தாள். எங்கள் ஏரித் தண்ணீர் கண்ணாடி. கால் விரல்வரை தெரியும். இந்தத் தடவை அவள் பார்த்தது திருகாணியை அல்ல.

"ஏம்மா" என்றாள் ஷார்லீனிடம். அவள் பேரை இல்மா அன்றுவரை சொன்னதில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை. "துணிச்செருப்போடவா இறங்கினே?"

"என்கிட்ட ரப்பர் கால்சட்டை இல்லீங்க" என்றாள் ஷார்லீன். மேலே முகம் அமைதியாகத்தான் இருந்தது. பல் மட்டும் கிட்டியிருந்தது.

"கால் ரெண்டும் நீலம் பாரிச்சு நடுங்குது. இவ்வளவு நேரம் வாயைத் திறக்கலையே நீ. நாங்க என்ன கடிச்சா தின்னுடுவோம்?" ரெய்னோ பக்கம் திரும்பினாள். "உனக்கு அப்பவும் இதெல்லாம் தோணாது, இப்பவும் தோணல."

ரெய்னோ திருகாணியைத் தட்டினான். அது கழன்று விழுந்தது.

"விடு, நான் பிடிச்சுக்கறேன்" என்று ஷார்லீன் கையிலிருந்த கட்டையை இல்மா வாங்கிக்கொண்டாள். புகைந்துகொண்டிருந்த சவுனாப் பக்கம் தாடையை ஆட்டினாள். "போ. போய்க் காலைச் சூடேத்திக்க. எல்லாருக்கும்னுதான் காலையிலேர்ந்து எரியுது."