ராஜா கேக்கும் ரோசாலி அக்காவும்

புதுச்சேரியிலிருந்து அஞ்சலட்டை வந்தபோது அடுப்பில் சர்க்கரைப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. பதம் தப்பிவிடும் என்று அட்டையை மாவு டப்பாவின் மேல் வைத்துவிட்டு, வேலை முடிந்த பிறகுதான் படித்தேன். ரோசாலி அக்கா இறந்து, அடக்கமும் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. எழுதியிருந்தவன் அவளுடைய அண்ணன் மகன். முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறார்களாம். 'அத்தையோடு மட்டாஞ்சேரியில் வேலை செய்தவர் நீங்கள். நல்லதாக நாலு வரி எழுதித் தாருங்கள்' என்று கேட்டிருந்தான்.

நாலு வரி போதாது, தம்பி. நல்லதாகவும் வராது. அக்காவை அறிந்தவர்கள் இதைப் படித்துக் கோபப்பட மாட்டார்கள். அவர்களும் அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளில் மட்டாஞ்சேரியில் மிளகும் ஏலக்காயும் வாங்கி மார்சேய்க்குக் கப்பலேற்றிய ஒரு பிரெஞ்சு விதவையின் வீடு அது. எங்களுக்கு அவர் மதாம். அக்கா பெரிய சமையல்காரி, புதுச்சேரி வெள்ளைக்காரர் குசினிகளில் கை பழகியவள். பாலக்காட்டுத் தமிழச்சியான நான் இரண்டாம் சமையல்காரி. புருஷன் போன பிறகு என் மகள் வசந்தாவுடன் அந்த வீட்டின் பின்கட்டு அறையில் குடியிருந்தேன். டிரைவர் வர்கீஸ் சேட்டனும் எங்களோடு உண்டு.

மதாமின் ஊர் வழக்கப்படி கிறிஸ்துமஸ் விருந்து முடிந்ததும் மேசையில் பதின்மூன்று இனிப்பு இருக்க வேண்டும். இயேசுவுக்கும் பன்னிரண்டு சீடர்களுக்கும் ஆளுக்கு ஒன்று என்று கணக்கு. உலர்ந்த அத்தி, திராட்சை, பேரீச்சை, தேனும் பாதாமும் சேர்த்துக் காய்ச்சிய நூகா என்று அக்கா விரல் மடக்கி எண்ணுவாள். ஒரு வருஷம் பன்னிரண்டோடு நின்றுவிட்டது. நான் ஆசையாகக் கடலை மிட்டாய் செய்து தட்டில் வைத்தேன். அக்கா ஒன்றைக் கடித்தாள், கைக்குட்டையில் துப்பினாள். "இது யூதாசுக்குச் செஞ்சதா?" என்று கேட்டுவிட்டுத் தட்டோடு கொண்டுபோய் நாய்க்கு வைத்தாள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. "பாத்தியா சரசு, அதுக்கும் நாக்குன்னு ஒண்ணு இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வர்கீஸ் சேட்டன் மட்டும் பிறகு வந்து, "சாரமில்ல சரசு, போட்டும். மிச்சம் இருந்தா எனக்குத் தா. நான் தின்னோளாம்" என்றார்.

ஆனால் அவள் கையைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வாத்தின் வயிற்றில் செஸ்ட்நட் என்ற தன் ஊர்க் கொட்டையை அடைக்கச் சொல்வார் மதாம். கொச்சியில் அதற்கு எங்கே போவது? அக்கா கோடையிலேயே பலாக்கொட்டைகளுக்குச் செம்மண் பூசி மூலையில் குவித்து வைப்பாள். டிசம்பரில் கழுவி, வேகவைத்து, வெண்ணெயும் சாதிக்காயும் சேர்த்து மசித்து அடைப்பாள். மதாம் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். கும்பளங்கியிலிருந்து வந்த சிப்பிகளைப் பச்சையாகத் திறந்து ஐஸ் மேல் அடுக்குவது என் வேலை. முதல் வருஷமே கத்தி வழுக்கி என் உள்ளங்கை கிழிந்தது. அக்கா எட்டிப் பார்த்து, "ரத்தம் சிப்பியில விழாம பாத்துக்க. மதாமுக்கு உப்புக் கூடுனா புடிக்காது" என்றாள். துணிகூட எடுத்துத் தரவில்லை.

பிறகு வியாபாரம் படுத்தது. இனி ஒரு சமையல்காரிதான் கட்டுப்படியாகும் என்று மதாம் சொன்னார். யாரைப் போகச் சொல்வது என்பதை மட்டும் அவரால் வாயால் சொல்ல முடியவில்லை. "நீயும் நல்ல, அவளும் நல்ல, நான் என்ன செய்ய? ராஜா கேக் சொல்லட்டும்" என்றார், அக்காவிடம் கற்ற தமிழில்.

ராஜா கேக் என்பது ஜனவரி முதல் வாரத்தில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குச் செய்வது. கிரீடம்போல வளையமான ரொட்டி. மேலே சர்க்கரையில் ஊறிய பழத் துண்டுகள். உள்ளே ஒரே ஒரு காய்ந்த மொச்சைக்கொட்டை. மொச்சை யார் துண்டில் வருகிறதோ அவர் அன்றைக்கு ராஜா. ஏமாற்று நடக்காதிருக்க, வீட்டிலேயே சின்னவர் மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டும் யாருக்கு என்று பெயர் சொல்ல வேண்டும். அந்த வருஷம் கேக் எங்கள் இருவருக்கு மட்டும். மொச்சை கிடைத்தவள் இருக்கலாம், மற்றவள் அறையைக் காலி செய்ய வேண்டும். வசந்தாவுக்குப் பதினோரு வயது. மேசைக்கு அடியில் அவள்தான்.

இப்போது என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். கேக் ஆறிய பின் அக்கா அடிப்பக்கத்தைக் கீறி மொச்சையைச் செருகியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதற்கு நேர் மேலே பச்சை நிறப் பழத்துண்டு இருந்தது. வசந்தாவைத் தனியே அழைத்து, "அம்மா இருமறப்போ என் பேரைச் சொல்லணும், கேட்டியா?" என்று சொல்லிக்கொடுத்தேன். பெற்ற பிள்ளைக்குத் திருட்டுப் பழக்கினேன். எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் மதாம் கேக்கை ஆறாக வெட்டினார். பச்சைப் பழத்துண்டு கத்தியில் ஏறியதும் நான் இருமினேன். "அம்மாவுக்கு!" என்றாள் வசந்தா. ஆளுக்கு மூன்று துண்டு தட்டில் விழுந்தது. நான் பல்லை அழுத்தாமல் மெதுவாக மென்றேன். இல்லை. விரலால் பிய்த்துப் பார்த்தேன். அடியில் கீறல் இருந்தது, மொச்சை இல்லை. மூன்றையும் தூளாக்கிவிட்டேன். எதிரே டங்கென்று ஒரு சத்தம். அக்கா தன் தட்டில் மொச்சையைத் துப்பியிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊர் வாயை மூடவைக்கும் அக்கா அன்று மேசைக்கு வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மொச்சையை அவள் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாள். ஜன்னலில் என் நிழல் விழுந்ததைப் பார்த்துத்தான் அந்த இடத்தைக் காட்டியே செருகியிருக்கிறாள், நான் நகர்ந்ததும் உருவிக்கொண்டிருக்கிறாள். நான் எப்படிக் கேட்பது? 'மொச்சை என் துண்டில்தான் இருந்தது' என்றால், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்பாளே! திருடிக்குத் தேள் கொட்டினால் வாயைத் திறக்க முடியுமா? மதாம் அக்காவின் தலையில் காகிதக் கிரீடம் வைத்தார். நானும் கை தட்டினேன்.

மேசைக்கு அடியிலிருந்து வந்த வசந்தா என் முகத்தைப் பார்த்தாள். "நான் தப்பாச் சொல்லிட்டேனா அம்மா?" என்று கேட்டாள்.

அந்த மாதமே அவளைப் பாலக்காட்டில் என் அண்ணன் வீட்டில் விட்டேன். எர்ணாகுளத்தில் ஹோட்டல் வேலைக்குப் போன எனக்குத் தங்க இடமே ஆறு பெண்களோடு ஒரு அறை. சொந்தமாக இந்தக் கேக் கடையை வைப்பதற்குள் ஏழு வருஷம் ஓடிவிட்டது. இன்று வசந்தா என் அண்ணியை அம்மா என்கிறாள். நான் எர்ணாகுளத்து அம்மா.

போன டிசம்பரில் அக்கா எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் கிடப்பதாக வர்கீஸ் சேட்டன் வந்து சொன்னார். மதாம் ஊரோடு போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. சர்க்கரை வியாதியில் அக்காவின் ஒரு காலை எடுத்திருந்தார்கள். இனிப்பு கண்ணில் காட்டக் கூடாது என்று உத்தரவு. தெரிந்துதான் கொண்டுபோனேன். அவள் செய்முறையில் நான் செய்த மரக்கட்டைக் கேக்: சுருட்டி, சாக்லேட் க்ரீம் தடவி, முள்கரண்டியால் பட்டைபோலக் கோடு இழுத்தது. கட்டில் பக்கம் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன்.

"மொச்சை உங்க வாயிலதானே இருந்தது அக்கா?"

"ஆமாடி. நீ இருமினதும் சிரிப்பு வந்துடுச்சு. கொஞ்சம் விட்டா முழுங்கியிருப்பேன்" என்றாள். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "உனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. எனக்கு அந்தக் குசினிய விட்டா யாருடி இருந்தா?" என்றாள்.

வேறு ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான் கரண்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். அவள் முன்னாலேயே, நிதானமாக, ஒவ்வொரு வாயாக. அவள் கண் கரண்டியோடு ஏறி இறங்கியது. "க்ரீம் திரிஞ்சிருக்கு" என்றாள். உண்மைதான், திரிந்திருந்தது. பிறகு, "ஒரு கரண்டி குடு சரசு" என்று வாயைத் திறந்தாள். நான் கரண்டியைக் கீழே வைத்து, பெட்டியை மூடி எழுந்து வந்துவிட்டேன். அவளை நான் பார்த்தது அதுதான் கடைசி.

அஞ்சலட்டையைப் படித்த அன்று மாவு பிசையும்போது அழுகை வந்தது. மறைக்கவில்லை. அக்காவிடமிருந்து நீங்கள் பெற்றது என்ன என்றும் எழுதச் சொல்கிறாய், தம்பி. பலாக்கொட்டை அடைத்த வாத்து, நூகா, மரக்கட்டைக் கேக் எல்லாம் அவள் போட்ட பிச்சை, அதில்தான் என் கடை ஓடுகிறது. சாகக் கிடந்த ஒருத்தி வாய் திறந்து கேட்டபோது கொடுக்காமல் கரண்டியைக் கீழே வைக்க முடிந்தது பார், அதுவும் அவள் கைப்பக்குவம்தான்.