எண்ணெய் படாத பாதி

வயலிலிருந்து இலுப்பைக்கடவை வீட்டுக்கு நடந்து வந்த அன்று, என் இடதுகால் செருப்பு வழியிலேயே கழன்று விழுந்திருந்தது. பாதத்தில் முள் ஏறி இரத்தம் வந்ததும் எனக்குத் தெரியவில்லை. மனைவி சரோஜாதான் கண்டாள். அன்றே மன்னார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் தளர்ந்துபோவது) என்றார்கள். உங்கள் வீட்டிலும் யாருக்காவது இது வந்திருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சில வாரங்களில் தடியூன்றி நடந்தேன். ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தாமல், அங்கே கேட்டுவிட்டு ஆயுர்வேத வைத்தியரிடமும் போனேன். அவர் ஒரு தினசரியை (எழுவது முதல் படுப்பது வரையான ஒழுங்கு) எழுதித் தந்தார். விடிய எழும்புதல், நாக்கு வழித்தல், உடம்பெங்கும் இளஞ்சூட்டில் நல்லெண்ணெய், பிறகு வெந்நீர்க் குளிப்பு, நேரத்துக்குச் சாப்பாடு. யாருடைய உதவியும் வேண்டாம் என்று எண்ணெயை நானே பூசினேன். விதைப்புக்கு முன் வயலில் இறங்கியாக வேண்டும் என்ற பிடிவாதம். கொப்பியில் ஒவ்வொன்றுக்கும் சரி போட்டேன்.

அந்த நாட்களில்தான் வீட்டில் ஏதோ நடமாடுவதாகத் தோன்றத் தொடங்கியது. தனியே இருந்து சாப்பிடும்போது பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்கும். வளையல் அசையும். திரும்பிப் பார்த்தால் சுவர்தான். சோறு முடிந்துவிடும்; ஒரு நிமிடத்தில் அதே தட்டில் மறுபடியும் சோறு இருக்கும். பயந்துபோனேன். மூளை கலங்கிவிட்டது என்று மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார்களோ என்று வாயே திறக்கவில்லை. சரோஜா பக்கத்தில் வந்து இருப்பதேயில்லை என்ற கோபம் வேறு. கூப்பிட்டால், இங்கேதான் இருக்கிறேன் என்பாள். குசினியில் சமைத்தபடி சொல்கிறாள் என்று நினைப்பேன்.

ஒரு மாதம் கழித்து வைத்தியர் என் சட்டையைக் கழற்றச் சொன்னார். வலது தோள் மினுங்கியது. இடது தோளை விரலால் தடவினார். செதில் செதிலாக வறண்டிருந்தது.

"எல்லா இடமும் எண்ணெய் பூசுறனீங்களோ?"

"ஓம். ஒரு இடமும் விடுறேல்லை," என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

அவர் ஒரு கையை எடுத்து என் வலது கைக்குள் வைத்து, யாருடையது என்று கேட்டார். குளிர்ந்துபோய் இருந்தது. சரோஜாவின் கை என்றேன். உங்களுடையதுதான் என்றார்.

மூளை ஒரு பக்கத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் விடுவதும் உண்டு என்று விளக்கினார். மன்னாரில் போய் இதைச் சொல்லச் சொன்னார். எண்ணெயை இனி இடது கையில்தான் தொடங்க வேண்டும். வீட்டில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று, என்னோடு வந்திருந்த சரோஜாவைக் கேட்டார்.

"நான்தான். சாப்பிடேக்கையும் இடப்பக்கம்தான் இருக்கிறனான். தட்டைத் திருப்பி வைச்சால் மிச்சத்தைச் சாப்பிடுவார். என்னைப் பாக்கிறேல்லை. பாரிசவாத வருத்தம் வந்த கோவத்திலை என்ரை முகம் பாக்கப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன்."

தாலி ஏறிய நாளிலிருந்து மனைவியின் இடம் கணவனுக்கு இடப்பக்கம் என்பது எங்கள் வழக்கம். கோயிலிலும் பஸ்ஸிலும் அவள் அங்கேதான் இருப்பாள். வைத்தியருக்கு முன்னால் நான் அழுதேன்.

இந்தமுறை விதைப்பைத் தம்பிதான் பார்த்தான். எண்ணெய் பூச எனக்கு இப்போது ஒரு மணித்தியாலம் ஆகிறது. பூசிய கை என்னுடையது என்று தெரியும்; ஆனாலும் வேறொருவருக்குப் பூசிவிடுவது போலத்தான் இருக்கிறது. சாப்பிடும்போது கழுத்தை மெல்ல இடப்பக்கம் திருப்புகிறேன். முதலில் கதவு தெரியும். இன்னும் திருப்பினால் சேலைக் கரை. இன்னும் திருப்பினால் அவள். சில நாட்களில் அவள் வந்துசேர வெகுநேரம் பிடிக்கிறது. அவளோ முதலிலிருந்தே அங்கேதான் இருக்கிறாள்.