இரண்டு கம்பியில் ஓடிய மோட்டார்

ஷேக் அலாவுதீன் கோபக்காரர் இல்லை. பினாங்கின் ஜெலுத்தோங்கில் அவரை அறிந்த யாரும் அதைச் சொல்வார்கள். நாகூரிலிருந்து இளம் வயதில் கப்பலேறி வந்தவர். சீனி முகம்மதுவின் மசாலா ஆலையில் எண்ணெய் எஞ்சினுக்கு வேலைக்காரராகச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அதோடு காலம் தள்ளினார். எஞ்சின் புகையைக் கக்கும், உதைக்கும், மழை நாளில் கிளம்ப மறுக்கும். பெரிய சக்கரத்தை இரண்டு கையாலும் இழுத்துச் சுழற்றிவிட்டால்தான் அதற்கு உயிர் வரும். அப்படி இழுப்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. முதலாளி எவ்வளவு கத்தினாலும் தோளில் கிடக்கும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதரை ஒரே ஒரு பொய் தெருவில் நின்று கத்த வைத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஆலைக்கு மின்சார மோட்டார் வந்தது. விசையைத் தள்ளினால் தானே சுழன்றது. அலாவுதீனுக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது. மோட்டாரை மாட்டிக் கொடுத்தவர் சிதம்பரநாதன். கல்லூரியில் படித்துவிட்டு டவுனில் ஒரு மின்சாரக் கடையில் வேலை பார்த்தவர். அவர் அன்றே சொன்னார்:

"முதலாளி, இது குதிரை இல்ல, அடிச்சா வேகமா ஓடுறதுக்கு. கம்பியில வர்ற கரண்டு எந்தக் கதியில வருதோ, அந்தக் கதிதான் இதுக்கு. பாரத்தை ஏத்துனா வேகம் கூடாது, சூடுதான் கூடும்."

சீனி முகம்மது தலையை ஆட்டினார். மறு வாரமே மோட்டாரில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை மாட்டினார். மோட்டார் பழைய கதியில்தான் சுழன்றது. அரைவைக் கல் மட்டும் வேகமாகச் சுழன்றது. கூடுதலாக வந்த தூள் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கூடுதலாக ஏறிய சூடு தெரியவில்லை. அதைத் தொட்டுப் பார்க்கவேண்டியவர் அலாவுதீன்தான்.

நோன்பு மாதம் பிறந்தது. ராயாப் பெருநாளுக்கு முன் பினாங்கு முழுவதற்கும் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு காலையில் விசையைத் தள்ளியும் மோட்டார் சுழலவில்லை. உம்மென்று உறுமிக்கொண்டு நின்றது.

"நோன்பு மாசம்லா மச்சான், அதுக்கும் எந்திரிக்க சோம்பல்," என்றான் ஹனீபா. அலாவுதீனின் மனைவி ஆசியா பீவிக்குத் தம்பி அவன். ஆலையில் மூட்டை தூக்குபவன்; வாய் சும்மா இருக்காது.

சீனி முகம்மது பெல்ட்டைக் காட்டினார். "எஞ்சினையே கையால சுத்துன ஆளு நீ. இதை ஒரு இழு இழேன்."

அலாவுதீன் பெல்ட்டைப் பற்றி இழுத்தார். மோட்டார் சுழல ஆரம்பித்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எஞ்சினில் வளர்ந்த கைகளுக்கு அது தப்பாகவே படவில்லை; தினமும் அப்படியே இழுத்துக் கிளப்பினார்.

தப்பு இதுதான். அந்த மோட்டாருக்கு மூன்று கம்பிகளில் மின்சாரம் வரும். மூன்றும் முறைவைத்து ஏறி இறங்குவதால் மோட்டாருக்குள் காந்த சக்தி வட்டமாகச் சுற்றிவரும். நடுவிலுள்ள உருளை அதைத் துரத்திக்கொண்டு ஓடும். ஆனால் எட்டிப் பிடிக்காது. எட்டிப் பிடித்துவிட்டால் இழுவையே இருக்காது. அந்தச் சிறு பின்தங்கலில்தான் அதன் பலம் இருக்கிறது. ஒரு கம்பியின் பியூஸ் போய்விட்டால் காந்தம் சுற்றாது, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். உருளைக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்று உறுமும். கையால் தள்ளிவிட்டால் தள்ளிய பக்கம் ஓடும். வலமோ இடமோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். மூன்று கம்பிக்கான சுமையை இரண்டு கம்பிகள் இழுப்பதால் உள்ளே வெந்துகொண்டும் இருக்கும்.

"முதலாளி, கை வைக்க முடியல. அரக்கு வாடை அடிக்குது. சிதம்பரநாதனைக் கூப்பிட்டுப் பார்ப்போமே," என்று அலாவுதீன் கேட்டார்.

"அவன் வந்தா அரை நாள் நிறுத்தச் சொல்லுவான். ராயா முடியட்டும்."

அவ்வளவுதான். ராயா முடியட்டும். ஈரச் சாக்கு ஒன்றை மோட்டார்மேல் போடச் சொன்னார் முதலாளி, காய்ச்சல்காரனுக்குப் பற்றுப் போடுவதுபோல. சாக்கு காற்றுப் போகும் துளைகளை அடைத்தது. சூடு இன்னும் ஏறியது.

ஒரு நாள் லுஹர் என்னும் மதியத் தொழுகைக்காக அலாவுதீன் கல்லை நிறுத்திவிட்டுக் குழாயடியில் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தார். தூள் வாங்க வந்த வண்டி வெளியே காத்திருந்தது. முதலாளி ஹனீபாவைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார். கல்லில் மல்லி நிறைந்து இறுகிப்போயிருந்தது. ஹனீபா வழக்கமான இடத்தில் நின்று பெல்ட்டை வலுவாக இழுத்தான். இறுகிய கல் விட்டுக்கொடுக்காமல் பெல்ட்டைப் பின்னால் உதறியது. அந்த உதறலையே பிடித்துக்கொண்டு மோட்டார் தலைகீழாக ஓட ஆரம்பித்தது. அவன் பக்கம் வரவேண்டிய பெல்ட் அவன் கையோடு புல்லிக்குள் போனது.

உறுமல் கேட்டு அலாவுதீன் திரும்பியபோது, பெல்ட் கையை இழுப்பதற்கு முந்தைய கணம், ஹனீபா இரண்டு காலில் நன்றாக ஊன்றி நின்றிருந்தான். அதை அவர் கண்ணால் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஹனீபாவின் உயிர் போய்விட்டது.

போலீசிடம் சீனி முகம்மது சொன்னார்: "நோன்பு பிடிச்ச பையன். வெயில்ல மயங்கி பெல்ட் மேல விழுந்துட்டான்."

அவரும் நோன்பு பிடித்தவர்தான். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்வரிசையில் நிற்பவர்தான். அந்த வாயால்தான் அதைச் சொன்னார். அவனை அடக்கிய மண் காய்வதற்குள் ஜெலுத்தோங் முழுக்க அதையே பேசியது. பலமில்லாத பையன், நோன்பு தாங்கவில்லை, விட்டிருக்கலாம். இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கியவனைப் பற்றி இப்படிப் பேசினார்கள்.

மறுநாள் இயந்திரங்களைப் பார்வையிடும் வெள்ளைக்கார அதிகாரி வந்தார். துவான் என்று எல்லோரும் மரியாதையாக அழைத்த அவர் முன்னால் முதலாளி தானே போய் விசையைத் தள்ளினார். மோட்டார் உறுமவில்லை, அழகாகக் கிளம்பிச் சுழன்றது. அலாவுதீனுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பியூஸ் பெட்டியில் மினுங்கிய புதுக் கம்பியைப் பார்த்தார். இத்தனை நாளாக நேரமில்லாதவருக்கு, ஹனீபாவை அடக்கம் செய்த அன்று மாலையே சிதம்பரநாதனைக் கூப்பிட நேரம் கிடைத்திருக்கிறது.

"தானா ஓடுற மோட்டாரை எவன் கையால இழுப்பான், துவான்?" என்றார் முதலாளி.

சிதம்பரநாதனும் அங்கேதான் தலைகுனிந்து நின்றார். அலாவுதீன் அவரிடம் போனார்.

"தம்பி, இதைத் திறந்து காட்டுங்க."

"அண்ணே, நான் கடைக்கு வேலை பார்க்குறவன்."

"நான் உங்களை ஒண்ணும் சொல்லச் சொல்லல. திறங்க. துவானுக்குக் கண்ணு இருக்கு."

சிதம்பரநாதன் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். பிறகு பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே வட்டமாகச் சுருள்கள். இரண்டு சுருள் கருகியிருந்தன, அடுத்தது புதிதுபோல் சுத்தமாக இருந்தது. மறுபடியும் இரண்டு கருகல், ஒன்று சுத்தம். சுற்றிலும் அப்படியே. யாரும் கேட்காமலேயே சிதம்பரநாதன் வாயைத் திறந்தார்.

"இது ரெண்டு கம்பியில ஓடியிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. ரெண்டு கம்பியில இது தானா கிளம்பாது. யாராவது இழுத்தாத்தான் கிளம்பும். பியூஸை நான் நேத்துத்தான் போட்டேன்."

அதிகாரி குனிந்து பார்த்தார். ஏதோ கேட்டார், தொப்பியை வைத்துக்கொண்டு போனார். கடைசியில் வந்தது 'விபத்து' என்ற ஒரே சொல்தான். யாரையும் தண்டிக்காத சொல். அந்தச் சொல்லுக்கு வேண்டுமானால் துவான்கள் தலையாட்டட்டும். அலாவுதீன் தலையாட்டவில்லை. அன்று மாலை நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன், கடைத்தெருவில் எல்லோரும் கஞ்சி வாங்க நிற்கையில், முதலாளியின் ரிக்‌ஷாவை மறித்து நின்றார்.

"என்னை வேலையை விட்டுத் தூக்குங்க. துவான் என்ன வேணும்னாலும் எழுதட்டும். நோன்பு மேல பழி போட்டீங்கள்ல, அதை மட்டும் திரும்ப எடுத்துக்குங்க. அவன் உம்மா முன்னால வந்து சொல்லுங்க. சொல்ற வரைக்கும் தினமும் இங்கதான் நிப்பேன்."

தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அலாவுதீன் கத்தி யாரும் கேட்டதில்லை. சொன்னபடி மறுநாளும் நின்றார். அதற்குள் சிதம்பரநாதன் மூடியைத் திறந்த கதை பாசார் முழுக்கப் பரவிவிட்டது. மிளகாய்த்தூள் வாங்கவந்த பெண்கள் ஆலை வாசலிலேயே அதைப் பேசினார்கள்.

மூன்றாவது நாள் சீனி முகம்மது டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த ஹனீபாவின் வீட்டுக்கு வந்தார். வந்ததும் முதலில், அங்கிருந்த அலாவுதீனிடம் இனி வேலை இல்லை என்று சொன்னார். அலாவுதீன் சரி என்றார். அதன்பின் எதிர்க்கரையிலுள்ள பிறை ஊருக்குப் போகும் படகில் மூட்டை ஏற்றித்தான் சாகும்வரை பிழைத்தார். எந்த மோட்டாரையும் அவர் பிறகு தொடவில்லை.

முதலாளி கதவோரம் நின்று, ஹனீபாவின் தாய் சித்தி ஹாஜராவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து முணுமுணுத்தார். "பையன் மயங்கல."

"உம்மாவுக்குக் காது மந்தம்," என்றாள் ஆசியா பீவி. "சத்தமாச் சொல்லுங்க."

மறுபடி சொன்னார். கிழவி காதருகே கையை வைத்தாள். மூன்றாம் தடவை அவர் கத்தவேண்டியிருந்தது. தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

"மயங்கலம்மா. மோட்டார்தான் கெட்டுப்போயிருந்துச்சு. நான்தான் இழுக்கச் சொன்னேன்."

சித்தி ஹாஜரா காதருகே வைத்த கையை இறக்கினாள்.

"அப்ப ஏன் வாப்பா அப்படிச் சொன்னீங்க?"

அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.