எண்ணூர்ச் சாம்பலில் ஒரு குன்னூர் ரோஜா

குன்னூர்த் தோழி கொடுத்தனுப்பிய ரோஜாச் செடி, எண்ணூரில் எங்கள் வாசலில் வாடிக்கொண்டிருந்தது. "இலையில தண்ணி பட்டா பூஞ்சை வரும்" என்று அவள் சொல்லியிருந்ததால் வேருக்கு மட்டுமே ஊற்றினேன். அனல்மின் நிலையச் சாம்பலோ இலையெல்லாம் அப்பிக் கிடந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வாளியோடு வந்தார். "கழுவி வுடும்மா, மூச்சு முட்டிகினு கீது!"

கையைப் பிடித்துத் தடுத்தேன். இருந்ததே ஒரு மொட்டு. அதுவும் உதிர்ந்தால் தோழியிடம் என்ன சொல்வேன்? டெலிபோன் பூத்துக்கு ஓடி அவளுக்குப் போன் போட்டேன்.

"சாம்பலா? வானத்துல இருந்தா?" என்று கேட்டாள். "எங்க ஊர்ல பனிதான்டி கொட்டும். அந்த அக்கா சொல்றதையே கேளு."

திரும்பி வந்தேன். "இன்னா, குன்னூர்க்காரி உத்தரவு குட்த்தாளா?" என்றபடி அக்கா இலை இலையாகக் கழுவினார். பச்சை தெரிந்தது. மொட்டு மட்டும் நிமிரவில்லை.

"பொழைக்குமாக்கா?"

"நாளைக்கும்தான் சாம்பல் கொட்டும். கழுவிகினே இருந்து பாப்போம்."